காரணம் காணாத நோவும் கைவிடாத கவனிப்பும்



பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னுடன் கடமையாற்றிய ஆசிரியை ஒருவர் அடிக்கடி மருத்துவ விடுமுறை கேட்டு வருவார். ஒரு வாரம் தலையிடி என்பார், மறுவாரம் நெஞ்சுநோ, அதற்கடுத்த வாரம் நாரிப்பிடிப்பு. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கான் என்று பார்த்தவற்றின் அறிக்கைகள் ஒரு பை நிறைய இருந்தன. ஒன்றுமில்லை என்பதே அத்தனையின் சாரம். ஒன்றுமில்லாத நோய்க்கு விடுமுறை எதற்கு என்று நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை, கண்கலங்கிச் சென்றார். நான் கேட்டது பிழை என்பதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

நோவு இருக்கிறது; அதற்கேற்ற பழுதோ உறுப்புகளில் அகப்படவில்லை. இத்தகையவற்றை ‘மருத்துவத்தால் விளக்கப்படாத அறிகுறிகள்’ என்பர். விளக்கப்படவில்லை என்பதற்கு இல்லை என்று பொருளன்று. நடிப்பு என்றும் பொருளன்று. நோவை நமக்கு உணர்த்துபவை நரம்பும் மூளையும் ஆகும். நெடுநாட் கவலையும் துயிற்குறைவும் பழைய நோவும் அவற்றின் உணர்ச்சியைக் கூர்மையாக்கிவிடக்கூடும். பாடசாலை மணி தவறிய வேளையில் அடித்துவிட்டால், பாடம் முடியவில்லை என்பது உண்மை. ஆனால் நம் காதில் விழுந்த ஓசையும் உண்மையே அன்றோ? இந்நோவும் அத்தன்மையதே.

இப்படி வருந்துவோர் ஒரு வைத்தியரிடமிருந்து மற்றொரு வைத்தியரிடம் அலைகின்றனர். ஹங்கேரியிற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய மைக்கேல் பாலின்ட் என்னும் உளப்பகுப்பாய்வறிஞர், குடும்ப வைத்தியர்களை ஒன்றுகூட்டி அவர்தம் அனுபவங்களை ஆராய்ந்தார். 1957ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் இரண்டு உண்மைகளை எடுத்துக்காட்டினார். வைத்தியர் வழங்கும் மருந்துகளுள் மிகுதியாகப் பயன்படுவது அவர் தாமே என்பது ஒன்று. நோயாளி நிபுணர் பலரிடம் கைமாறும்போது ஒவ்வொருவரும் ஒரு பகுதியைப் பார்ப்பர். முழுமனிதனுக்குப் பொறுப்பேற்பார் ஒருவருமிலர் என்பது மற்றது.

இக்குறையைப் போக்கும் வழி யாது? ஒருவர் பொறுப்பேற்க, ஏனையோர் அவருக்குத் துணைநிற்கும் கூட்டுக் கவனிப்பே. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ரிச்சர்ட் சிமித் என்னும் உளமருத்துவரும் அவர்தம் சகாக்களும் நடத்திய ஆய்வொன்று 1986இல் வெளியாயிற்று. பல்லாண்டுகளாகப் பல நோவுகளால் வருந்திய 38 பேர் அதில் இடம்பெற்றனர். உளமருத்துவர் நோயாளியைப் பார்த்தபின் அவருடைய வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை அவரை ஒழுங்காக வரச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் உடலைப் பரிசோதியுங்கள். தெளிவான தேவையின்றிப் புதிய சோதனைகளையும் சத்திரசிகிச்சையையும் தவிருங்கள். எல்லாம் மனத்தில்தான் என்று கூறாதீர்கள் என்பனவே அதன் சாரம். மருத்துவச் செலவு 53 வீதம் குறைந்தது. நோயாளரின் உடல்நிலை அதனாற் கெடவில்லை.

இதன் நுட்பம் எளிது. பார்க்கும் நாள் முன்னரே குறிக்கப்பட்டிருந்தால், வைத்தியரைக் காண்பதற்கு நோவு முற்றவேண்டியதில்லை.

நமது நாட்டிலும் இத்துறையில் ஆய்வு நடந்துள்ளது. உளமருத்துவப் பேராசிரியர் அதுல சுமதிபாலவும் அவர்தம் குழுவினரும் 150 நோயாளரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. சிந்தனையையும் நடத்தையையும் சீராக்கும் உளச்சிகிச்சை, குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண வைத்தியர்களால் ஒரு பிரிவினருக்கு அளிக்கப்பட்டது; மற்றவர்களுக்குத் திட்டமிட்ட ஒழுங்கான கவனிப்பு மாத்திரமே. இரு பிரிவினரும் நலமடைந்தனர். அந்நலம் ஓராண்டு நிலைத்தது. அவ்விரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட மூன்றாவது பிரிவு இல்லாமையால், முடிந்த முடிபாக எதனையும் கூறுதல் இயலாது. எனினும் ஒழுங்கான கவனிப்பை அற்பமென்று தள்ளிவிட முடியாது என்பது புலனாகின்றது.

இவற்றால் பரிசோதனையே வேண்டாம் என்று கொள்ளற்க. முதலில் முறையான பரிசோதனை வேண்டும். உடல் மெலிதல், காய்ச்சல், இரத்தப்போக்கு, கைகாற் பலவீனம் போன்ற புதிய அறிகுறி தோன்றினால், பழைய கதைதான் என்று எண்ணாது உடனே வைத்தியரிடம் கூறவேண்டும். பல இடங்களில் மருந்து எடுப்போர் அவையனைத்தையும் ஒரே வைத்தியருக்குக் காட்டுதல் நன்று. வீட்டார் செய்யவேண்டியது, நோவை நம்புவதும், இயன்ற வேலையைச் சிறிது சிறிதாகச் செய்ய ஊக்குவதுமாம். மேலதிகாரிகளாகிய எம்போன்றோரும் தீர்ப்புக் கூறுமுன் ஒருகணம் பொறுத்தல் வேண்டும்.

அந்த ஆசிரியையை அண்மையில் ஒரு கலியாண வீட்டிற் கண்டேன். அன்று கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன். இப்பொழுது ஒரே வைத்தியரிடம் மாதந்தோறும் செல்வதாகக் கூறினார். நோ அடியோடு நீங்கவில்லையாம். ஆயினும் வீட்டு வேலைகளைப் பார்க்கவும் பேரப்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கவும் முடிகிறதாம். அறிக்கைகள் நிறைந்த அந்தப் பையை அன்று அவர் கொண்டுவரவில்லை.