நீக்குவதற்கு முன் ஒரு நிமிடம்: சமூக ஊடகத் தண்டனைகளும் நாமும்

கேகாலை மாவட்டத்தில், தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த ஒரு சிறிய நகரில் நான் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்துக்கு நானும் ஓர் அட்மின். ஜனாஸா அறிவித்தல், ரமழான் நேரசூசி, மழை காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை எல்லாம் அதில்தான் வரும்.

2019 மே மாதத்தில் ஒரு நாள் இரவு, ஒரு வாலிபர் அதில் ஒரு ஸ்கிரீன் ஷொட்டைப் போட்டார். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலைத் தாக்க ஆட்கள் வருவதாக அதில் எழுதியிருந்தது. ஊரே பயந்துபோயிருந்த நாட்கள் அவை. வதந்தி பரப்புகிறார் என்று நினைத்து, அந்த நிமிடமே அவரைக் குழுமத்திலிருந்து நீக்கினேன். "நல்ல வேலை செய்தீங்க சேர்" என்று நாலைந்து பேர் எழுதினார்கள்.

அடுத்த நாள் அவருடைய வாப்பா வீட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. தனது போனை எடுத்து, ஸ்கிரீன் ஷொட்டுக்குக் கீழே மகன் அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். "இது உண்மையா? யாராவது விசாரிச்சுச் சொல்லுங்களேன், உம்மா பயப்படுறாங்க" என்றிருந்தது. மொத்தம் பன்னிரண்டு விநாடி. அந்தப் பன்னிரண்டு விநாடியைக் கேட்காமல்தான் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அதன் பிறகுதான், சமூக ஊடகங்களில் தண்டனை எப்படி வழங்கப்படுகிறது என்பதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நம்மில் பலர் தினமும் பல மணிநேரம் அங்கே இருக்கிறோம். ஆனால் அந்த இடத்தின் சட்டதிட்டம் நமக்குத் தெரியாது.

நிறுவனங்கள் தண்டிக்கும் முறை

பேஸ்புக்கை உதாரணமாக எடுப்போம். ஒரு பதிவு விதியை மீறுகிறதா என்று முதலில் பார்ப்பது பெரும்பாலும் கணினி. பயனாளர்கள் ரிப்போர்ட் செய்வதும் அதனிடம்தான் போகிறது. சிலவற்றை மட்டுமே மனிதர்கள் பார்க்கிறார்கள். மீறல் என்று முடிவானால் பதிவு நீக்கப்படும். கணக்கில் ஒரு "ஸ்ட்ரைக்" விழும்.

முதல் ஸ்ட்ரைக் வெறும் எச்சரிக்கை. இரண்டிலிருந்து ஆறு வரை, குழுக்களில் எழுதுவது போன்ற சில வசதிகள் சிறிது காலத்துக்கு நிறுத்தப்படலாம். ஏழாவதில் ஒரு நாள் எதுவும் பதிவிட முடியாது. எட்டாவதில் மூன்று நாள், ஒன்பதாவதில் ஏழு நாள், பத்தாவதில் முப்பது நாள். ஒரு வருடம் கடந்த ஸ்ட்ரைக் கணக்கில் வராது. பாரதூரமான குற்றமென்றால் இந்தப் படிகள் எதுவுமின்றிக் கணக்கே மூடப்படலாம்.

இந்த ஒழுங்கு 2023 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மெட்டா நிறுவனம் அமைத்த மேற்பார்வைச் சபை, "தண்டிக்கிறீர்கள், ஆனால் ஏன் என்று சொல்வதில்லை" என்ற குறையைத் தொடர்ந்து சுட்டிக்காட்டியதும் இதற்கு ஒரு காரணம். பதிவு நீக்கப்பட்டால் மீளாய்வு கோரலாம். அதிலும் திருப்தியில்லாவிட்டால் அந்தச் சபைக்கே முறையிடலாம். சபை தான் தெரிவுசெய்யும் சில முறைப்பாடுகளை மட்டும் விசாரிக்கும். இந்த வழி இருப்பதே தெரியாமல், பதிவு போனால் போகட்டும் என்று விட்டுவிடுவோர்தான் நம்மில் அதிகம்.

நமது சொற்கள் படும் பாடு

காகிதத்தில் இந்த முறை நியாயமாகத் தெரிகிறது. சிக்கல் மொழியில் இருக்கிறது.

"ஷஹீத்" என்ற சொல்லை எடுங்கள். மெட்டாவின் தளங்களில் மிக அதிகமான நீக்கங்களுக்குக் காரணமான தனிச்சொல் அநேகமாக இதுதான் என்கிறது மேற்பார்வைச் சபை. ஆபத்தானவர் என்று நிறுவனம் பட்டியலிட்ட ஒருவரைக் குறித்து இச்சொல் வந்தால், அது புகழ்ச்சி என்றே கொள்ளப்பட்டது. செய்தி சொல்பவரும் விமர்சிப்பவரும் கூட அச்சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. இப்படி ஒட்டுமொத்தமாக நீக்குவதை நிறுத்துமாறு 2024 மார்ச்சில் சபை பரிந்துரைத்தது.

இது மிகையான தண்டனையின் கதை. தண்டனையே இல்லாத கதையை நாம் 2018 இல் பார்த்தோம். அந்த வருடம் பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஓர் உணவகத்தில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்களம் சரியாகத் தெரியாத காசாளர், சூழ்ந்து நின்று மிரட்டியவர்களுக்குத் தடுமாறிச் சொன்ன பதில் ஒப்புதல் வாக்குமூலம் போல வீடியோவாகப் பரவியது. அடுத்த வாரம் திகன, தெல்தெனிய எரிந்தன. முஸ்லிம்களை, பிள்ளைகளைக் கூட விடாமல் கொல்லச் சொன்ன ஒரு சிங்களப் பதிவை ரிப்போர்ட் செய்தவருக்கு, ஆறு நாட்களின் பின் "எமது விதிகளை இது மீறவில்லை" என்று பதில் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறுவனத்திடம் போதுமான அளவு இருக்கவில்லை. அரசாங்கம் சுமார் ஒரு வாரத்துக்குச் சமூக ஊடகங்களை முடக்கியது. இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதத்தில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

ஆக, "ஷஹீத்" என்று எழுதியவர் தண்டிக்கப்பட்டார். "கொல்லுங்கள்" என்று எழுதியவர் தப்பினார். இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: வாசித்தவருக்கு, அல்லது வாசித்த கணினிக்கு, மொழியும் சூழலும் விளங்கவில்லை.

நாட்டுச் சட்டத்தின் தண்டனை

நிறுவனம் தண்டித்தால் கணக்குப் போகும். சட்டம் தண்டித்தால் வாழ்க்கையே போகலாம்.

2019 மே 12 ஆம் திகதி சிலாபத்தில், ஒரு முஸ்லிம் வர்த்தகர் பேஸ்புக் விவாதமொன்றில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பது அதன் பொருள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. அது அடுத்த தாக்குதலுக்கான மிரட்டல் என்று அர்த்தம் கற்பிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. எழுதியவர் கைது செய்யப்பட்டார். அடுத்த நாள் வன்முறை குருநாகல், மினுவாங்கொடை வரை பரவியது.

ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் றம்ஸி ராஸிக், 2020 ஏப்ரலில் ஒரு பதிவை எழுதினார். வெறுப்புப் பிரசாரத்துக்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் சிந்தனை ரீதியான ஜிஹாத் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். ஆயுதம் பேனா என்று அவரே எழுதியிருந்தும், ஒரு சொல் மட்டும்தான் பார்க்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் அவர் மீது பாய்ந்தது. அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவில் பத்து வருடம் வரை சிறை உண்டு. விசேட காரணமிருந்தால் மட்டும் மேல் நீதிமன்றம் பிணை கொடுக்கலாம். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து, செப்டம்பரில் வெளியே வந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்.

இப்போது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஐவர் கொண்ட ஆணைக்குழு, இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் பதிவை அகற்றச் சொல்லும் அதிகாரம், சில குற்றங்களுக்கு ஐந்து வருடம் வரை சிறை என்பன அதில் உள்ளன. வெறுப்புப் பேச்சால் அடிபட்ட சமூகம் என்ற வகையில், கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் பொய் எது, மெய் எது என்று சிலர் அவசரமாகத் தீர்மானிக்கும் இடத்தில், முதலில் அடிபடுவது யார் என்பதும் நமக்குத் தெரியும்.

நமது குழுமங்களில்

பேஸ்புக்கையும் பொலிஸையும் குறை சொல்லும் நாம், நமது கையிலுள்ள சின்ன அதிகாரத்தை எப்படிப் பாவிக்கிறோம்? பள்ளிவாசல் குழுமம், பழைய மாணவர் குழுமம், பெற்றோர் குழுமம் எல்லாவற்றிலும் அட்மின்தான் பொலிஸ், அட்மின்தான் நீதவான். எங்கள் பகுதிப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள், நடுவில் சிங்களம் கலக்கிறார்கள். பகிடி எது, பகை எது என்று பக்கத்து ஊர்க்காரருக்கே விளங்காது.

சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்து பின்னர் வருந்தாமலிருக்க, வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது. செய்தியைப் பகிர்பவருக்கு இதை நாம் அடிக்கடி நினைவூட்டுகிறோம். தண்டிப்பவருக்கும் அது பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம்.

வகுப்பில் ஒரு பிள்ளை தவறு செய்தால், முதலில் காரணம் கேட்க வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் படித்தேன். அதையே இப்போது குழுமத்திலும் செய்கிறோம். விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். தவறான பதிவை உடனே அழிக்கிறோம். ஆளை உடனே நீக்குவதில்லை. முதலில் தனியாகப் பேசுகிறோம், பிறகு எச்சரிக்கிறோம். நீக்குவதென்றால் இரண்டு அட்மின்கள் சேர்ந்து, காரணம் சொல்லி நீக்குகிறோம். மூன்று மாதத்தில் அவர் திரும்பி வரலாம். அழிப்பதில் அவசரம் நியாயமானது, ஏனென்றால் வதந்தி காத்திருக்காது. ஆளைத் தீர்ப்பிடுவதில் அவசரத்துக்கு நியாயமில்லை.

அந்த வாலிபரை அன்றே திரும்பச் சேர்த்தேன். எல்லோரும் பார்க்க நீக்கியதால், எல்லோரும் பார்க்கவே மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்று எழுதினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தக் குழுமத்தில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.