பொம்மை ரயிலும் மாதிரி ரயிலும்: சரக்கைத் தரம் பார்ப்பது எப்படி?

பருப்பைக் கையில் அள்ளிய உடனே அதன் தரத்தைச் சொல்லிவிடுகிறோம். மிளகாய் வற்றலைக் கிள்ளிப் பார்த்தே விலை பேசுகிறோம். ஆனால், பண்டிகை நேரத்தில் கடையில் அடுக்கும் விளையாட்டுச் சாமான்களைத் தரம் பார்க்க நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் செய்த ரயில் எஞ்சின் ஒன்றை, "விலை கூடுதல், ஆனால் முதல் தரம்" என்று சொல்லி, நெடுநாள் வாடிக்கையாளரின் ஐந்து வயதுப் பேரனுக்கு விற்றோம். மறுநாளே கைப்பிடிக் கம்பிகள் ஒடிந்து திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சரக்கில் குற்றமில்லை, ஆள் அறியாமல் விற்றது எங்கள் குற்றம். பிறகு விசாரித்து அறிந்ததை இங்கே சொல்கிறோம்.

பொம்மை எஞ்சின் கெட்டியான பிளாஸ்டிக்கில் வருவது. கம்பி, படி, ஜன்னல் எல்லாம் உடலோடு சேர்த்தே வார்த்திருக்கும். கீழே விழுந்தாலும் தாங்கும். மாதிரி எஞ்சின் அப்படியல்ல. உண்மையான எஞ்சினைக் கணக்குப்படி சுருக்கிச் செய்தது. எச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு, இங்கிலாந்தின் ஓ.ஓ. 76-ல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில்.

நம் நாட்டு அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். ஆகவே 16.5 மி.மீ. பாதையில் ஓடும் இந்திய எஞ்சின் மாதிரிகளில் சக்கரங்கள் இருக்க வேண்டியதைவிட நெருங்கி நிற்கும். விவரம் தெரிந்தவர் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தரம் பார்க்கும் முறை:

1. கையில் தூக்கிப் பாருங்கள். கனமான எஞ்சினின் சக்கரம் எளிதில் வழுக்காது. அதிகப் பெட்டிகளை இழுக்கும்.

2. மாதிரி எஞ்சின் பெரும்பாலும் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும். எத்தனை சக்கரங்கள் மின்சாரம் எடுக்கின்றன என்று கேளுங்கள். கூடுதலாக இருந்தால் தூசி பட்ட இடத்தில் நின்றுவிடாது.

3. மிக மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நல்ல மோட்டார் ஊர்ந்து போகும், மட்டமானது குதிக்கும்.

4. பூதக்கண்ணாடியில் பாருங்கள். கைப்பிடி தனிக் கம்பியா, வார்ப்பா? எழுத்தும் எண்ணும் தெளிவாக உள்ளனவா? வர்ணம் ஓரம் தாண்டியிருக்கிறதா?

நுணுக்க வேலை மிகுந்ததெல்லாம் நன்றாக ஓடும் என்று எண்ண வேண்டாம். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

பழைய தகர எஞ்சின்களுக்கு வேறு கணக்கு. இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் 1920-ல் சாவி கொடுக்கும் ரயில்களை விற்கத் தொடங்கியது. அத்தகையவற்றுக்குப் பழைய வர்ணமும் அசல் அட்டைப்பெட்டியும்தான் மதிப்பு. நம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தால் புது வர்ணம் பூசிவிடாதீர்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கொள்முதல் செய்யும்போதே முத்திரையைப் பார்த்து, பில் வாங்கி வையுங்கள்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: யாருக்கு வாங்குகிறீர்கள்? ஓட்டி விளையாடவா, அலமாரியில் வைக்கவா? எங்களுக்கு நேர்ந்த நஷ்டம் உங்களுக்கு நேராது.