நாணயக் குற்றிகளில் இரட்டை எழுத்து: விலை பேசுமுன் அறிய வேண்டியவை

கல்கிசை முதல் கொட்டாஞ்சேனை வரை பழைய நாணயக் குற்றிகளைப் பேணி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அவற்றில் எழுத்தோ உருவமோ இரட்டித்துத் தெரிந்தால், அது அரிய பிழை நாணயம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. இவ்வெண்ணத்தையே மூலதனமாகக் கொண்டு, சாதாரண குற்றிகளுக்கும் இணையத்தில் பெருந்தொகை கோரப்படுகின்றது. ஆனால் இரட்டிப்பு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதே பெறுமதியைத் தீர்மானிக்கின்றது.

நாணயத்தை அடிக்கும் அச்சு, உருக்கினாலான மற்றொரு மூல அச்சைக் கொண்டு அழுத்தி உருவாக்கப்படுகின்றது. உருவம் ஆழமாகப் பதிவதற்காக முன்னர் இவ்வழுத்தம் பல தடவைகள் செய்யப்பட்டது. இரண்டாம் தடவை மூல அச்சு சற்றே விலகினாலும் நாணய அச்சில் உருவம் இரட்டித்துவிடும். அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு குற்றியும் அதே இரட்டிப்பைத் தாங்கியிருக்கும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சத நாணயம் இதற்குப் புகழ்பெற்ற உதாரணமாகும். பிலடெல்பியா நாணயசாலையில் பிழை கண்டறியப்பட்டபோது அவை ஏனைய நாணயங்களுடன் கலந்துவிட்டிருந்தன. அவ்வாறே 20,000க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்கு விடப்பட்டன. இன்று அவை ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோகின்றன.

இரண்டாவது வகை, இயந்திர அசைவினால் நேர்வது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் குற்றிகளை அடிக்கும் இயந்திரத்தில் அச்சு சிறிது தளர்ந்திருந்தால், அடி விழுந்த கணத்தில் அது வழுக்கி எழுத்தின் ஓரத்தை நசுக்குகின்றது. நாம் அன்றாடம் காணும் இரட்டிப்புகளிற் பெரும்பாலானவை இத்தகையனவே. சேகரிப்போர் இதற்கு மேலதிக விலை கொடுப்பதில்லை. நெடுநாள் உழைத்துத் தேய்ந்த அச்சினால் எழுத்துகள் தடித்து மங்கித் தெரிவதும் பெறுமதியற்றதே.

குற்றியே இருமுறை அடிபடுவது வேறு வகை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயங்கள் சம்மட்டியால் கையடியாக அடிக்கப்பட்டவை. அத்தகைய நாணயங்களில், இரு அடிகளுக்கிடையே உலோகம் நகர்ந்தால் ஓர் உருவத்தின் மீது மற்றொன்று பதிந்துவிடும். இது அக்காலத் தொழில்முறையின் அடையாளம். நவீன அச்சுப் பிழையோடு இதனை ஒப்பிடலாகாது.

இவற்றைப் பிரித்தறியப் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியே போதுமானது. அச்சிலேயே இரட்டித்த எழுத்து உருண்டு திரண்டிருக்கும். அதன் முனைகள் பிளவுபட்டுத் தெரியும். எழுத்து வழமையைவிட அகன்றிருக்கும். இயந்திர அசைவினால் நேர்ந்ததாயின், எழுத்தின் ஒரு பக்கம் படிக்கட்டுப் போலத் தட்டையாகத் தாழ்ந்திருக்கும். உண்மை எழுத்து மெலிந்திருக்கும். அதே இரட்டிப்பு அதே இடத்தில் வேறு குற்றிகளிலும் காணப்படுகின்றதா என்பது அடுத்த சோதனை.

ஒளிரவேண்டுமென நாணயத்தைத் தேய்த்துக் கழுவுவதும் தவறு; அதனால் உண்மையான அரிய நாணயமும் விலை குன்றும். வாங்குவோரும் விற்போரும் விலை பேசுமுன் கண்ணாடியை எடுத்துப் பார்க்கட்டும். அந்தச் சில நிமிடங்கள், உழைத்துச் சேர்த்த பணம் வீணாவதைத் தடுக்கும்.