மலைக்குக் கதை ஒட்டலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அங்கே மல்லீஸ்வரன் முடி என்றொரு சிகரம். இருளர், முடுகர், குறும்பர் என்ற பழங்குடியினர் எல்லோருக்கும் அந்த மலையே சிவன். சிவராத்திரிக்கு முடுகர்கள் விரதமிருந்து மேலேறி, உச்சியில் விளக்கேற்றுவார்கள்.

போனை மலைப்பக்கம் நீட்டினால், பகலிலேயே உச்சியில் விளக்கு எரிய, ஒரு பாட்டி கதை சொன்னால் எப்படி இருக்கும்? ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., இதைச் செய்யும். 2016-இல் பிள்ளைகளைத் தெருத்தெருவாக அலையவிட்ட போகிமான் கோவும் இந்த வகைதான்.

விளக்கை எங்கே வைப்பது என்று போனுக்கு எப்படித் தெரியும்? அது நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். சொல்லும். சில மீட்டர் பிசகலாம்; தூரத்து மலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வம்பு செய்வது திசைகாட்டிதான். சிகரம் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். திசை 5 டிகிரி தவறினால் விளக்கு சுமார் 350 மீட்டர் தள்ளிப்போய் வெறும் மேகத்தில் எரியும்! பக்கத்தில் ஜீப் நின்றாலே போதும், அதன் இரும்பு போனுக்குள் இருக்கும் காந்த உணரியைக் குழப்பிவிடும். அதனால் செயலி இன்னொரு வேலையும் செய்யலாம்: செயற்கைக்கோள் அளந்த உயரக் கணக்கை வைத்து மலையின் விளிம்பை வரைந்து, கேமராவில் தெரியும் விளிம்போடு பொருத்திப் பார்க்கலாம். கிட்டத்தில் இருக்கும் பொருள் என்றால் மூலை, விரிசல், புள்ளிகளை அடையாளம் வைத்துக்கொள்ளும். பாறை இதற்குத் தோது. காற்றில் ஆடும் இலை உதவாது.

கணக்கு இவ்வளவுதான். கஷ்டம் கதையில் இருக்கிறது.

1951-இல் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். பிறகு கோவைப் பக்கமிருந்தும் திருவிதாங்கூரிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். 2011-இல் பழங்குடியினர் பாதிக்கும் குறைவு. பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலத்தைத் திருப்பித் தர 1975-இல் கேரளம் சட்டமே போட்டது. ஆக, ஒரே வயலுக்கு இரண்டு கதைகள். “எங்கள் சாமையும் ராகியும் விளைந்த இடம்” என்பார் இருளர் பாட்டி. “காடு வெட்டி, காய்ச்சலில் கிடந்து உழுத இடம்” என்பார் குடியேறியவரின் பேரன்.

எந்தக் கதையை யாருக்குக் காட்டலாம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கிய ‘முகுர்ட்டு’ என்ற மென்பொருளில், எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்யும். அட்டப்பாடிக்கும் அப்படியொரு பூட்டு வேண்டும். அதன் சாவி ஊர்த் தலைவரான மூப்பனிடம் இருக்கட்டும்.

அந்த வயலில் இரண்டு கதைகளையும் வைக்கலாம். எதை முதலில் காட்டுவது? நான் செயலி எழுதினால் பாட்டியின் கதைதான் முதலில் வரும். நீங்கள்?