இத்பான் (ரலி) அவர்களின் இல்லம்

உதகமண்டலம் நோக்கி மூச்சிரைக்க ஏறிவரும் மலை ரயில், லவ்டேலைக் கடந்து ஊரை எட்டுவதற்குச் சற்று முன்பாகப் பெர்ன்ஹில் என்னும் இடத்தைத் தொட்டுச் செல்லும். மைசூர் மன்னர்கள் கோடையைக் கழித்த மாளிகையால் பெயர் பெற்ற இடம் அது. அம்மாளிகையைக் காண வருவோர் பலர். அதனைச் சூழ்ந்த சரிவுகளில் படியேறியும் படியிறங்கியும் வாழ்ந்துவரும் எளிய குடும்பங்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அச்சரிவில் ஒரு வீட்டை உங்கள் மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். சாலையிலிருந்து அவ்வீட்டுக்கு நாற்பது படிகள் இறங்க வேண்டும். தந்தை, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர். வீட்டில் தாயும் பாட்டியும் பள்ளியில் படிக்கும் மகளும் இருக்கின்றனர். மூளை முடக்குவாதத்தால் கால்கள் வழங்காத பன்னிரண்டு வயது மகனும் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் தந்தை அவனைத் தோளில் சுமந்து நாற்பது படிகளையும் ஏறுவார். ஜும்ஆவில் சுவரோரமாக அவனை அமர்த்திவிட்டுத் தாம் தொழுவார். மாதம் இருமுறை மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்று, அவன் கைகால்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்வார்.

இது நம் சிந்தனைக்காக நான் வரைந்த வீடு. ஆயினும், இத்தகைய வீடொன்று இல்லாத மஹல்லா உண்டா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடைபட்ட நாட்கள்

2020 மார்ச் மாதம் வந்தது. 22-ஆம் நாள் நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு. 25-ஆம் நாள் முதல் பொது ஊரடங்கு. இருபத்தொரு நாட்கள் என்று தொடங்கியது, பிறகு நீண்டுகொண்டே போயிற்று. மலை ரயில் நின்றது. சுற்றுலாப் பயணிகளின் வருகை நின்றது. அவர்களை நம்பி வாழ்ந்த வண்டிக்காரரின் அடுப்பும் தணிந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும் என்ற நிலையில், கோயம்புத்தூர் எட்டாத தொலைவாகிவிட்டது.

மகனின் பயிற்சி என்னவாகும்? தசைகள் இறுகாதிருக்க அன்றாடம் அவற்றை நீட்டி மடக்கியாக வேண்டும். அப்பொறுப்பைத் தாயே ஏற்றாள். சமைத்த கையால் மகனின் காலைப் பிடித்து நீட்டினாள். மாமியாரின் மருந்து வேளையைக் கவனித்தாள். கைப்பேசியில் பாடம் வருகிறதா என்று மகளுக்காகச் சன்னலோரம் நின்று அலைவரிசை தேடினாள். இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி அவளை உறங்கவிடாமல் வாட்டிற்று: “எனக்கே நோய் கண்டு, என்னைத் தனிமைப்படுத்திவிட்டால் இவனை யார் தூக்குவார்?”

அன்பர்களே, பெருந்தொற்றுக் காலத்தில் உடற்குறையுள்ளோர் வாழும் இல்லங்களில் எழுந்த மிகப் பெரிய கேள்வி இதுவே. நோயைப் பற்றிய அச்சம் எல்லார்க்கும் பொது. துணைக்கு இருப்பவரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் இவர்களுக்கு மட்டுமே உரிய சுமை.

ஒவ்வொருவர்க்கும் சுமை ஒவ்வொரு விதமாக வந்தது. கண் தெரியாதவர் தொட்டறிந்து வாழ்பவர். பிறர் முழங்கையைப் பற்றி நடப்பவர். ‘எதையும் தொடாதே, எவரையும் நெருங்காதே’ என்று உலகம் ஆணையிட்டபோது அவர் எதைப் பற்றிக்கொள்வார்? காது கேளாதவர் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறிபவர். ஊரார் அனைவரும் முகக்கவசம் அணிந்தபோது அவருக்கு மொழியே மறைந்துவிட்டது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கோ, நாள்தோறும் ஒரே நேரத்தில் பள்ளிக்குப் போவதே ஆறுதல். அந்த ஒழுங்கு குலைந்தபோது அது ஏன் குலைந்தது என்று அதற்கு விளக்கிச் சொல்ல யாரால் இயலும்?

மலை கண்ட பாடம்

தொற்றுநோய்க்கும் உடற்குறைக்கும் உள்ள உறவை நீலகிரி முன்னரே அறியும். 1907-இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம், வெறிநாய்க்கடிக்கு மருந்து தந்து புகழ் பெற்றது. 1957-இல் கடல் வழியே சென்னைத் துறைமுகத்தில் நுழைந்த இன்புளூயன்சா, சில மாதங்களுக்குள் இந்தியாவில் நாற்பத்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. அந்நோயை ஆராய்ந்ததும் குன்னூர்தான். நம் நாட்டில் போலியோ சொட்டு மருந்தை முதன்முதல் தயாரித்த பெருமையும் அந்நிலையத்தையே சாரும்.

போலியோவும் ஒரு தொற்றுநோய்தானே! அது பற்றிய பிள்ளைகளில் சிலரின் கால்களை முடக்கிவிட்டுப் போயிற்று. 2011 ஜனவரி 13-க்குப் பின் இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி புதிதாக எவரையும் முடக்கவில்லை. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்த நாடுகளின் வரிசையில் நாமும் சேர்ந்தோம். ஆனால் முன்பு முடங்கிய கால்கள் முடங்கியவையே. ஒரு தொற்று விட்டுச்சென்ற ஊன்றுகோலோடு மற்றொரு தொற்றை எதிர்கொண்டவர்கள் நம்மிடையே இன்றும் வாழ்கிறார்கள். ஊரடங்கு முடியும், நோய் தணியும், சிலரது வாழ்வில் அதன் சுவடு மட்டும் நிலைத்துவிடும். அதனால்தான், ‘எல்லாம் முடிந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு?’ என்று நாம் கேட்கலாகாது.

செல்வம் கொழிக்கும் நாடுகளும் இதில் தவறியே இருக்கின்றன. 2020 ஜனவரி இறுதி முதல் நவம்பர் வரை இங்கிலாந்தில் கொரோனாவால் மாண்டவர்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ அறுவர் உடற்குறையுள்ளோர் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே கணக்கிட்டுச் சொன்னது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இடர்க்காலங்களில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை அமைப்பு, மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. ஊரடங்கு தொடங்கிய மறுநாளே, 2020 மார்ச் 26-இல், மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. துணையாக இருந்து பராமரிப்போர் தடையின்றிச் சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2021 செப்டம்பரில், வெளியே வர இயலாதோர்க்கு வீட்டுக்கே சென்று தடுப்பூசி போடவும் வழி பிறந்தது. தடுப்பூசிப் பணி தொடங்கி எட்டு மாதங்கள் கழிந்த பின்னர் பிறந்த வழி அது என்பதையும் மறப்பதற்கில்லை.

அரசின் கடமை அரசுக்கு. நம் கடமை எது?

வீட்டுக்கு வந்த தொழுகை

2020-ஆம் ஆண்டின் ரமலானை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிவாசலின் கதவுகள் அடைபட்டிருந்தன. தராவீஹ் தொழுகையை வீட்டுக் கூடத்தில் தொழுதோம். பெருநாள் தொழுகையும் வீட்டிலேயே நிறைவேறிற்று. வழக்கமாகப் பள்ளிவாசலில் கொதிக்கும் நோன்புக் கஞ்சிக்கான அரிசி, அவ்வாண்டு தன்னார்வத் தொண்டர்கள் மூலம் வீடு தேடி வந்தது. பாங்கோசை கேட்டும் போக முடியவில்லையே என்று எத்தனை பெரியவர்கள் கண்ணீர் உகுத்தார்கள்!

அந்தக் கண்ணீரின் பொருளை நன்கு அறிந்த நபித்தோழர் ஒருவர் இருந்தார். இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்பது அவர் பெயர். பத்ருப் போரில் பங்கேற்ற பெருமகனார். தம் குலத்தாருக்குத் தொழுகை நடத்தியவர். அவர் கண் பார்வை மங்கியது. மழை பெய்தால் அவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் பெருகிவிடும். அவரால் கடக்க இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று தம் நிலையைக் கூறினார். தாங்கள் என் இல்லம் வந்து ஓரிடத்தில் தொழுதால், அதனையே நான் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வேன் என்று வேண்டினார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? மறுநாள் பொழுது ஏறியதும் அபூபக்கர் (ரலி) அவர்களை உடன் அழைத்துக்கொண்டு அவர் இல்லத்துக்கே சென்றார்கள். நுழைந்ததும் அமரவில்லை, எவ்விடத்தில் நான் தொழ விரும்புகிறீர் என்று முதலில் கேட்டார்கள். அவர் காட்டிய மூலையில் நின்று இரண்டு ரக்அத் தொழுதார்கள். பிறகு அவ்வீட்டார் சமைத்துத் தந்த விருந்துக்காகத் தங்கினார்கள். அக்கம்பக்கத்தார் அனைவரும் அங்கே திரண்டுவிட்டனர். பள்ளிக்குச் செல்ல இயலாதவரின் இல்லம் அன்று ஊர் கூடும் இடமாயிற்று.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்த வீட்டாரிடமே நபிகளார் விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உதவ நினைப்போர் முதலில் கற்க வேண்டிய பண்பு அது.

பார்வையற்ற தோழர் ஒருவர், அழைத்துவர ஆளில்லை என்று கூறி வீட்டில் தொழ அனுமதி வேண்டியபோது, பாங்கோசை கேட்கிறதா என வினவி, கேட்கிறதெனில் வருக என்று நபிகளார் பணித்ததாகவும் ஹதீஸ் உண்டு. இவ்விரு நிகழ்ச்சிகளையும் பற்றி மார்க்க அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நம் போன்ற எளியோர் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒருவருடைய வீட்டுக்குப் பள்ளி சென்றது. மற்றவரைப் பள்ளி தன்னிடம் அழைத்தது. இருவரையும் சமுதாயம் மறந்துவிடவில்லை. அழைப்பவர்க்கு மற்றொரு கடமையும் சேர்கிறது: வருபவரின் கையைப் பிடித்து வர ஓர் ஆளைத் தர வேண்டும். உமையாக் கலீஃபா வலீத் (ஆட்சி 705–715) பார்வையற்றோர்க்கு வழிகாட்டியையும், நடக்க இயலாதோர்க்குப் பணியாளரையும் அமர்த்தியதாக வரலாறு கூறுகிறது. ஆயிரத்து முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இயன்றது, இன்று நமக்கு இயலாதா?

கதவு திறந்த பிறகு

2020 செப்டம்பர் முதல் நாள் தமிழகமெங்கும் வழிபாட்டுத் தலங்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. இடைவெளிவிட்டு நின்றோம், பின்னர் தோளோடு தோள் சேர்ந்தோம். 2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என அறிவித்தது. நமக்குக் கதவு திறந்துவிட்டது. நாற்பது படிகளுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு? தந்தையின் முதுகு வளைகிறது, மகன் வளர்கிறான். ஒரு நாள் அவரால் அவனைத் தூக்க முடியாமற் போகும். அன்று தொடங்கி அவனுக்கு ஆண்டு முழுவதும் ஊரடங்குதான்.

நாம் சில மாதங்கள் சுவைத்த கசப்பை ஆயுள் முழுவதும் சுவைப்பவர்களுக்காக என்ன செய்யலாம்?

நம் ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. சந்தாப் பதிவேடு இருக்கிறது. உடற்குறையுள்ளோர் எவர், அவரைப் பராமரிப்பவர் எவர், பராமரிப்பவர் படுத்துவிட்டால் உதவிக்கு வரக்கூடியவர் எவர் என்று எழுதிய பதிவேடு ஒன்றும் வேண்டும். அடுத்த இடர் வருமுன் அது எழுதப்பட்டாக வேண்டும்.

பள்ளிவாசலின் படிகளுக்கு அருகே ஒரு சாய்தளம் வேண்டும். அமர்ந்து ஒளூச் செய்ய ஓர் இடம் வேண்டும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துப் புளிக்கல்லில், குத்பா உரையைக் காது கேளாதோர்க்காகச் சைகை மொழியில் பெயர்த்துரைக்கும் பள்ளிவாசல் உண்டு. அண்டை மாநிலத்தார் செய்ததை நாமும் செய்யலாம்.

அந்தத் தாயையும் மறந்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு பிற்பகல், உங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே சென்று பிள்ளைக்குத் துணையிருந்தால் அவள் சற்றே கண்ணயர்வாள். தன் தாய்வீடு சென்றுவருவாள். பணமாகத் தரும் சதகாவைவிட அவளுக்கு அந்த ஓய்வு பெரிது. கண் தெரியாதவரும் நடக்க இயலாதவரும் நோயுற்றவரும் பிறரோடு ஒன்றாக அமர்ந்து உண்பதில் குற்றமில்லை என்பதைத் திருமறையின் ‘அந்நூர்’ அத்தியாயம் தனியே எடுத்துரைக்கிறது. ஆகவே உங்கள் வீட்டு வலீமாவுக்கு அந்தப் பிள்ளையையும் அழையுங்கள். அவன் வருவதற்கு ஒரு வண்டியையும், தூக்கி வருவதற்கு இரண்டு இளைஞர்களையும் அனுப்புங்கள்.

அவனால் வர இயலாத நாளில் நீங்கள் செல்லுங்கள். ஸலாம் உரைத்து உள்ளே நுழையுங்கள். எங்கே தொழலாம் என்று அவனையே கேளுங்கள். அவன் காட்டும் மூலையில் அவனோடு வரிசையாக நின்று தொழுங்கள். அவன் தாய் தரும் தேநீரைப் பருகிவிட்டு வாருங்கள்.

பெர்ன்ஹில் சரிவில் பனி மூடியிருந்தாலும் படிகள் நாற்பதுதான். அவற்றில் இறங்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.