திரைக்குப் பின்னால் – 11: வெயிலில் நெளியும் தாள்கள்

கேரளத்தின் விழிஞ்ஞத்தில் இன்று இரண்டு வகைத் திரைகள் இருக்கின்றன. 2024 ஜூலை 11 அன்று ‘சான் ஃபெர்னாண்டோ’ கப்பல் வந்தணைந்த புதிய துறைமுகத்தில், யார்டு கிரேனை ஓட்டுபவர் கிரேன்மேல் ஏறி உட்காருவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, திரையைப் பார்த்தபடியே கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்குகிறார். அப்படி வேலை செய்பவர்களில் சுற்றுவட்டார ஊர்ப் பெண்களும் உண்டு. அந்தத் திரைகளுக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது.

கொஞ்சம் தள்ளி, பழைய மீன்பிடித் துறைமுகத்தில் கிடக்கும் ஃபைபர் வள்ளங்களில் இருப்பது இன்னொரு வகை: இடம் காட்டும் ஜி.பி.எஸ்., ஒலியால் கடலடியை அறியும் எக்கோ சவுண்டர் ஆகிய கருவிகளின் சின்னத் திரைகள். பல வள்ளங்களில் அவற்றுக்குக் கூரைகூடக் கிடையாது. இந்த வாரம் நாம் பேசப்போவது இவற்றைப் பற்றித்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கரையின் மூத்தவர்கள் கடலுக்கடியில் இருக்கும் ‘பார்’ என்னும் பாறைத்திட்டை ‘கணிச்சம்’ பார்த்தே கண்டுபிடித்தார்கள். கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரு கோட்டில் நிறுத்துவார்கள். இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் நிறுத்துவார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்குவார்கள். கரை கண்ணுக்குத் தெரியும்வரை அது தவறாத கணக்கு. இன்று மீன் தேடிப் போகும் தூரத்துக்குக் கரை தெரிவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விழிஞ்ஞம், பூந்துறை முதல் நம் குமரி மாவட்டத் தூத்தூர் வரை எத்தனை வீடுகளில் ஆண்களைக் கொண்டுபோனது என்பதை இந்தக் கரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு கேரள மீனவர்களுக்கு வழங்கப்பட்ட இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் கருவியிலும், எச்சரிக்கைச் செய்தியைக் கைப்பேசித் திரையில்தான் படிக்க வேண்டும். திரை அணைந்தால் வழியும் அணைந்தது என்ற நிலையில்தான் வள்ளம் இருக்கிறது.

இந்தத் திரைகள் பழுதானால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது உப்புத் தண்ணீரை. பழுது பார்ப்பவர் பின்மூடியைக் கழற்றிவிட்டு, “தண்ணி ஏறலண்ணே, சூட்டுல போச்சு” என்று சொன்னால் கொண்டுவந்தவருக்கு நம்பிக்கை வராது. ஆனால் அது பல நேரங்களில் உண்மை.

இந்தத் திரைகளில் படம் காட்டுவதாகச் சென்ற வாரம் பார்த்த திரவப் படிகம் தானாக ஒளி தராது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். ஒளி வருவது அதன் பின்னாலிருக்கும் பேக்லைட்டிலிருந்து. சிறிய திரைகளில் எல்.இ.டி. பட்டை ஓர் ஓரத்தில் இருக்கும். அதன் ஒளி ஓர் அக்ரிலிக் பலகைக்குள் புகுந்து, திரை முழுக்கப் பரவும். பலகைக்குப் பின்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் தாள். முன்னால் டிஃப்யூசர் தாள், அதன்மேல் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பிரிசம் தாள்கள். விலை கூடிய திரைகளில், வீணாகும் ஒளியைத் திருப்பி அனுப்பும் இன்னொரு தாளும் உண்டு. பிரிசம் தாளை விரலிடுக்கில் பிடித்து ட்யூப்லைட்டைப் பார்த்தால் ஒரு விளக்கு இரண்டாகப் பிரிந்து தெரியும். நகத்தால் ஒரு பக்கமாக வருடினால் வழுக்கும், மறுபக்கமாக வருடினால் நறநறக்கும். தலைமுடியைவிட மெல்லிய வரிகள், ஒவ்வொன்றும் ஒரு முப்பட்டகம். தாளின் கனம் கால் மில்லிமீட்டருக்குள்தான். பெரும்பாலும் அது பெட் பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பொருள்.

பெட் பிளாஸ்டிக் 75 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுக்கம் தளரத் தொடங்கிவிடும். உருகாது, ஆனால் விறைப்பு போய்விடும். விழிஞ்ஞத்துக் காற்று ஒருபோதும் அவ்வளவு சூடேறாது. பிறகு 75 எங்கிருந்து வருகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 275 சதுர செ.மீ. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. திரை வெயிலுக்கு நேர்முகமாக இருந்தால் அதன்மேல் விழுவது சுமார் 27 வாட். அணைந்து கிடக்கும் திரை கறுப்பு என்பதால் அதில் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். இது வெளிச் சூடு. வெயிலில் படம் தெரிய வேண்டுமென்றால் பேக்லைட்டும் வீட்டுத் தொலைக்காட்சியைவிடப் பல மடங்கு பளிச்சென்று எரிய வேண்டும். அந்த ஒளியும் முழுதாகக் கண்ணுக்கு வருவதில்லை. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாள் பாதியைத் தின்னும், வண்ண வடிகட்டி மூன்றில் இரண்டைத் தின்னும். நூறு பங்கு கிளம்பினால் வெளியே வருவது பத்துக்கும் குறைவு, மீதியெல்லாம் சூடு. வெளிச் சூடும் இந்த உள்சூடும் சேர்ந்துதான் தாளை அந்த 75ஐ நோக்கித் தள்ளுகின்றன. வெயில் கூடக்கூட ஒளியைக் கூட்ட வேண்டும், ஒளியைக் கூட்டினால் சூடு கூடும். கடலோரத் திரையின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

சூடும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. எல்.இ.டி. பட்டையை ஒட்டிய ஓரம் கொதிக்கும்போது மறு ஓரம் அவ்வளவு சுடாது. சூடான ஓரம் நீளப் பார்க்கும், குளிர்ந்த பகுதி அதைப் பிடித்து இழுக்கும். இரு பக்கமும் நெருக்கினால் கோரைப்பாய் நடுவில் எழும்புமே, அப்படித் தாள் அலையலையாக எழும்பும். முப்பட்டகங்களின் கோணம் மாறிப்போக, திரையில் வெளிச்சமும் நிழலுமாகப் பட்டைகள் விழும். எக்கோ சவுண்டரில் மீன்கூட்டமும் பாரும் காட்டப்படுவது நிற வேறுபாட்டால்தான். அங்கே ஒரு நிழல்பட்டை விழுந்தால் பார்ப்பவர் எதை நம்புவார்?

இந்தத் தாள்களைக் காக்கும் வேலையில் பொறியாளர்கள் காட்டியிருக்கும் நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் முதல் விதி, தாளைக் கட்டிப்போடாதே என்பது. 22 செ.மீ. நீள அக்ரிலிக் பலகை 40 டிகிரி சூடேறினால் 0.6 மில்லிமீட்டர் நீளும். அதே நீளப் பெட் தாள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட நீளாது. இரண்டையும் ஒட்டிவைத்தால் இரண்டும் வளையும். ஆகவே தாளின் ஓரத்தில் சின்னக் காதுகள் விட்டு, ஒரு காதில் மட்டும் துளையைச் சரியாக வைத்து, மற்ற காதுகளில் துளையை நீளவாக்கில் வெட்டுவார்கள். ஒரு புள்ளியில் தொங்கி, மற்ற பக்கமெல்லாம் தாள் தாராளமாக நீளலாம். பலகைக்கும் எல்.இ.டி.க்கும் நடுவில் விடும் இடைவெளிதான் இன்னும் கறாரானது. குறைத்தால் பலகை நீண்டு எல்.இ.டி.யில் முட்டும், கூட்டினால் ஒளி வெளியே கசியும்.

சூட்டை வெளியே அனுப்ப எல்.இ.டி.யை அலுமினியப் பட்டைமேல் பதித்து, அதைப் பின்பக்க உலோகத்தோடு சேர்க்கிறார்கள். தாளையே பக்குவப்படுத்துவதும் உண்டு. இழுத்து நீட்டித் தயாரித்த பெட் தாளுக்கு, சூடு பட்டால் சுருங்கும் குணம் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே ஒருமுறை சூடாக்கி ஆறவைத்தால் அந்தச் சுருக்கம் பெருமளவு அங்கேயே முடிந்துவிடும். இரண்டு பெட் தாள்களை ஒன்றாக ஒட்டிக் கனமாக்கினால் எளிதில் நெளியாது. நல்ல பிரிசம் தாள் இருந்தால் குறைந்த வாட்டிலேயே தேவையான ஒளி கிடைக்கும் என்பதால், தாள் தன் ஆயுளைத் தானே கூட்டிக்கொள்கிறது என்றும் சொல்லலாம்.

திரைத் தாள்களில் ஒன்றின் வேர் நம் பக்கத்தில் இருப்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977இல் கண்டறிந்தவர்கள் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தின் எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகியோர். அந்த வகை மூலக்கூறுகளைக் கொண்டுதான் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெளியும் தாளை ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் பின்னர் செய்தது.

சில கருவிகளில் வெப்பமானி ஒன்று உள்ளே இருக்கும். சூடு எல்லை மீறினால் அது பேக்லைட்டைத் தானாகக் குறைக்கும். நடுப்பகலில் திரை மங்கினால் உடனே பழுதென்று நினைக்க வேண்டாம். கருவி தன்னைக் காத்துக்கொள்கிறது. திரை கறுத்துத் திட்டுத்திட்டாகப் போவதும் ஆரம்பத்தில் திரவப் படிகம் சூட்டில் ஒழுங்கு குலைவதுதான். ஆறினால் திரும்பிவிடும். ஆனால் நெளிந்து படிந்துபோன தாள் திரும்பாது.

கப்பல் கருவிகளுக்கு ஐ.இ.சி. 60945 என்றொரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி 55 டிகிரியில் கருவி இயங்கிக் காட்ட வேண்டும். திறந்த வெளியில் வைக்கும் கருவி 70 டிகிரிச் சூட்டில் இருந்துவிட்டும் பிழைக்க வேண்டும். 40 டிகிரியில் 93 சதவீத ஈரப்பதத்தையும் தாங்க வேண்டும். விழிஞ்ஞத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் தேர்வு இது. விலை மலிந்த கருவிகளில் இந்தத் தரத்தின் எண்ணைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

கருவி எதுவாக இருந்தாலும் வள்ளத்தில் நாம் செய்யும் ஒரு காரியம் அதைக் கெடுக்கிறது. தெறிக்கும் தண்ணீருக்குப் பயந்து பாலித்தீன் உறையால் இறுக்கிக் கட்டுகிறோம், கண்ணாடி மூடிவைத்த பெட்டிக்குள் அடைக்கிறோம். உப்பு உள்ளே போகாது, சூடும் வெளியே வராது. பின்பக்க உலோகத்துக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்த்த பொறியாளரின் உழைப்பெல்லாம் அந்த உறைக்குள்ளேயே முடிந்துபோகிறது.

எனவே வள்ளக்காரர்களுக்குச் சொல்வது இது. மேலே வெள்ளை நிறத்தில் ஒரு மறைப்பு கட்டுங்கள், கீழும் பக்கமும் திறந்திருக்கட்டும். கருவிக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் விடுங்கள். இரவில் ஒளியைக் குறைத்து வையுங்கள். கண்ணுக்கும் அது நல்லது. கரையேறியதும் கழற்றி நிழலுக்குக் கொண்டுபோங்கள். கொதிக்கும் திரைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். மானியத்தில் கருவி வழங்கும் கேரள, தமிழக மீன்வளத் துறைகளுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள்: டெண்டரில் தண்ணீர்த் தாங்குதிறனோடு வெப்பத் தாங்குதிறனையும் கேளுங்கள்; அந்த வெப்ப அளவைக் கருவியின் முதுகிலேயே தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடச் சொல்லுங்கள்.