வளைவில் எழுந்து நிற்பவள்

ஆரணியில் கைத்தறி ஓடும் தெருவில் நடந்தால் வீடுகளுக்குள்ளிருந்து ஒரு தாளம் கூடவே வரும். மிதி அழுந்தும் ஓசை, குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து நாடா ஓடும் சரசரப்பு, அது பெட்டியில் போய் முட்டும் 'டக்', அதன் பிறகு அச்சு வந்து ஊடையை அடிக்கும் கனத்த சத்தம். அந்த 'டக்'கை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். நெசவாளர் கயிற்றைச் சுண்டி இழுத்துக் கொடுத்த வேகம் முழுதும் அங்கேதான் செத்துப்போகிறது. நாடா கால் கிலோ, வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் இயக்க ஆற்றல் 2 ஜூல். அது சத்தமாகவும், மரத்தில் ஏறும் இம்மியளவு சூடாகவும் போய்விடுகிறது. அடுத்த இழைக்கு மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும். ஒரு சேலைக்கு இப்படிப் பல ஆயிரம் முறை.

கொடுத்த ஆற்றலை இப்படிப் போகவிடாமல் திருப்பி வாங்கிக்கொள்ளும் விளையாட்டு ஒன்று மாமல்லபுரத்தில் நடக்கிறது. அந்த ஊர்ப் பெண் கமலி மூர்த்தி சிறுமியாக இருந்தபோது வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் ஏறி, ராம்ப் எனும் வளைந்த சரிவுமேடையில் இறங்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 'கமலி' என்ற ஆவணக் குறும்படம் 2019-இல் வந்தது. 2020-இல் பாஃப்டா விருதுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெண்ணின் துணிச்சலைப் பேசினார்கள். அந்தக் கால்கள் போடும் கணக்கையும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

ராம்ப் யாருக்கும் வேகத்தைத் தானமாகத் தருவதில்லை. உயரத்தை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக வேகத்தைக் கொடுக்கிறது. உராய்வை ஒதுக்கிவைத்தால், 1 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குபவருக்குக் கீழே கிடைப்பது மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். வேகம் இரு மடங்காக வேண்டுமென்றால் 2 மீட்டர் போதாது, 4 மீட்டர் வேண்டும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வரும் கட்டுப்பாடு இது. இறங்குபவர் குண்டா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எடை கூடினால் இழுக்கும் விசையும் கூடும், அசைக்க வேண்டிய பாரமும் அதே அளவு கூடும்.

அதே ஊரில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில் பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உயரத்தில் பெரும்பங்கு உராய்வில் கரைந்து கால்சட்டையின் பின்புறத்தைச் சூடாக்குகிறது. சக்கரம் இருந்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும், ஆனால் முழுதாக நிற்காது. அதனால் ஒரு பக்கம் 2 மீட்டரிலிருந்து இறங்கிச் சும்மா நிற்பவர் எதிர்ப்பக்கம் 2 மீட்டரைத் தொட மாட்டார். ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிடக் குறைந்து, கடைசியில் நடுத்தளத்தில் வந்து நின்றுவிடுவார்.

ஆனால் பழகியவர் நிற்பதில்லை. நிற்பது இருக்கட்டும், காலைத் தரையில் ஊன்றாமலேயே முன்னைவிட உயரமாக ஏறுகிறார். எப்படி?

ஊஞ்சலில் நின்றபடி ஆடிய நினைவு இருந்தால் பதில் உங்கள் முழங்காலுக்கே தெரியும். ராம்பில் சமதளத்தைக் கடக்கும்போது உடலைக் குறுக்கிக் குந்தியிருப்பார்கள். வளைவு தொடங்கியதும் காலை நீட்டி எழுவார்கள். வளைவில் ஓடும் உடலைப் பலகை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அது நமக்கு எடை கூடியதுபோலத் தெரியும். செங்குத்தாகத் தொடங்கும் கால்வட்ட வளைவின் உச்சியிலிருந்து இறங்கினால் அடியில் உணரும் எடை 3 மடங்கு. வளைவு சிறிதோ பெரிதோ, அதே 3 மடங்குதான். 40 கிலோ பெண்ணின் கால்கள் அந்தக் கணம் 120 கிலோ தாங்குகின்றன.

அந்தச் சுமைக்கு எதிராக எழுவதுதான் வித்தை. வளைவில் சராசரியாக 2 மடங்கு எடை என்று கொள்வோம். 30 செ.மீ. எழுந்தால் 40 கிலோ உடலுக்குக் கால்கள் செய்யும் வேலை சுமார் 235 ஜூல். பிறகு, எடை இயல்பாக இருக்கும் சமதளத்தில் திரும்பக் குந்தும்போது அதில் பாதிதான் கைவிட்டுப் போகிறது. மீதி 118 ஜூல் ஓட்டத்தில் சேர்கிறது. அந்த உடலை இன்னும் 30 செ.மீ. மேலே ஏற்ற அது போதும். கனமாக இருக்கும் இடத்தில் எழு, லேசாக இருக்கும் இடத்தில் உட்கார். காலையில் தின்ற இட்லி இப்படித்தான் ராம்பில் உயரமாகிறது. ஒரு கணம் பிந்தி எழுந்தால் ஒன்றும் சேராது. தப்பான இடத்தில் எழுந்தால் இருந்ததும் போகும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இந்த நேரம் பிடிபட மாதக்கணக்கில் ஆவது அதனால்தான்.

சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பால்பேரிங்குகளைப் பலகையில் பொருத்தி நம் தெருப் பிள்ளைகள் ஓட்டிய பேரிங் வண்டி நினைவிருக்கிறதா? தெருவே அதிரும், சின்னக் கல் ஒன்று போதும், ஆள் முன்னால் போய் விழுவான். இரும்பு கல்லுக்கு இடம் கொடுக்காது. ஸ்கேட்போர்டும் முதலில் இரும்பிலும் சுட்ட களிமண்ணிலுமான சக்கரங்களோடுதான் ஓடியது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். அது கல்லின் மேல் சற்று அமுங்கி மீள்கிறது, வளைவில் வழுக்காமல் பிடிக்கிறது. கலிபோர்னியாவில் 1976-77 வறட்சியில் காலியாகிப்போன நீச்சல்குளங்களின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறிப் பழகியது இந்தச் சக்கரத்தை நம்பித்தான். இன்றைய ராம்புகளின் வளைவில் அந்தக் குளங்களின் சாயல் இருக்கிறது.

இனி ஆரணித் தறிக்குத் திரும்பலாம். நாடாப் பெட்டியின் கோடியையும் ராம்ப் போல மேல்நோக்கி வளைத்துவிட்டால் நாடா தானே திரும்பி வராதா? வரும். நொடிக்கு 4 மீட்டரில் வரும் நாடா 80 செ.மீ. வரை ஏறி, முக்கால் நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் திரும்பிவிடும். அதற்குள் ஊடை தொய்யாமல் இருக்க வேண்டும். அச்சு வந்து அடித்துப் பின்வாங்கியிருக்க வேண்டும். ஜக்கார்டு அடுத்த பூவுக்கான பாவு இழைகளைத் தூக்கியிருக்க வேண்டும். தறி அப்படி அவசரப்படாது. பாவில் ஓர் இழை அறுந்திருந்தால் நெசவாளர் குனிந்து, அதன் இரண்டு முனைகளையும் தேடி எடுத்து, விரல் நுனியில் முறுக்கிச் சேர்க்கிறார். அதுவரை நாடா பெட்டிக்குள் அசையாமல் கிடக்கிறது.